முழங்கை இடித்த வண்டி

என் மருமகள் மேல்படிப்புக்குப் போகிறாள் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவன் நான். அந்தப் படிப்பின் மேல் பொறாமைப்பட்டு வெந்தவனும் நான்தான். வயது அறுபத்தெட்டு ஆகிறது. இனி எதை மறைத்து என்ன ஆகப் போகிறது?

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. சங்கரன்கோவிலில் ராஜபாளையம் சாலையில் இருக்கிற என் வெல்டிங் பட்டறை யாரும் கொடுத்ததில்லை, நானாக உண்டாக்கியது. நகரில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் நான் செய்த கேட் ஒன்றாவது கண்ணில் படும். குருவிகுளம் கரிசலில் மழை பெய்த மறுநாள் மற்றவன் டிரெய்லர் அச்சு முறிந்து நிற்கும். என்னுடையது பருத்தி மூட்டையோடு வீடு வந்து சேரும். நான் எதையும் காகிதத்தில் வரைந்தது கிடையாது. தரையில் சாக்பீசால் ஆள் உயரத்துக்குக் கோடு போடுவேன், கோட்டின் மேல் இரும்பை வைப்பேன், வெட்டுவேன். மீதமெல்லாம் என் தலைக்குள் இருக்கும்.

என் ஒரே மகனும் அதே பட்டறையில்தான் இருக்கிறான். அவனுக்குப் பாளையங்கோட்டையில் பெண் எடுத்தோம். கட்டடக்கலை படித்த பெண். கல்யாணமாகி இரண்டாம் வருடம், முப்பரிமாண வடிவமைப்பு என்று ஒரு முதுநிலைப் படிப்பு இருக்கிறது, கோயம்புத்தூரில் விடுதியில் தங்கி இரண்டு வருடம் படிக்க வேண்டும் என்று கேட்டாள். அன்று சாயங்காலமே சரி சொல்லிவிட்டேன். பெரிய மனது என்று நினைக்க வேண்டாம். எங்கள் சொந்தத்தில் மருமகளைப் படிக்க அனுப்பிய மாமனார் யாரும் இல்லை. அந்தப் பெயர் எனக்கு வேண்டியிருந்தது.

டீக்கடைக்காரர் என்னிடம் கேட்டார். "அண்ணாச்சி, உங்க மருமக சினிமாவுக்குக் கண்ணாடி போட்டுப் பாக்கப் படிக்காளாம்லா?"

"வே, நீளம், அகலம், உயரம். அதான் மூணு பரிமாணம். எல்லாத்துக்கும் உண்டு. உம்ம டீ கிளாசுக்கும் உண்டு, அதுல உயரம் மட்டும் கொறஞ்சுக்கிட்டே வருது" என்றேன். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நீளம் அகலம் உயரம் மூன்றையும் பன்னிரண்டு வயதிலிருந்து வெட்டிக்கொண்டிருக்கிறவன் நான், இதில் படிப்பதற்கு என்ன இருக்கிறது என்றுதான் அன்று உள்ளுக்குள் இருந்தது.

முதல் நாலு மாதம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனின் போனில் அவள் முகம் வந்தது, பின்னால் அவளுடைய வகுப்பறை. நீளமான மேசைகள். அதில் ஒன்றின் மேல் அட்டையில் செய்த முக்காலிகள் வரிசையாக இருந்தன. நாற்பது முக்காலி. எல்லாம் அவள் செய்தது. ஒன்றில் உட்கார்ந்தால் உடையும், ஒன்று சாயும், ஒன்றுக்குக் கால் கோணல். இதெல்லாம் எதற்கு என்று கேட்டேன். ஒரு முக்காலியை எத்தனை விதமாக நினைத்துப் பார்க்கலாம் என்பதுதான் பாடம், உடைந்ததற்கும் மதிப்பெண் உண்டு என்றாள்.

போனை மகனிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். எனக்கு அன்றைக்குத்தான் அது தொடங்கியது. நான் வேலை பழகிய பட்டறையில் ஒரு கம்பியைத் தப்பாக வெட்டினால் பிடரியில் விழும். தப்பு செய்து பார்க்க எனக்கு யாரும் நாலு மாதம் தரவில்லை, நாலு நிமிடம் தரவில்லை. இவளுக்கு ஒரு மேசை, ஒரு கத்தி, கட்டுக்கட்டாக அட்டை, தப்புச் செய்யவிடுவதற்குச் சம்பளம் வாங்குகிற வாத்தியார். என் மனைவியிடம், "அட்டையில முக்காலி செய்யுதாளாம், சின்னப் பிள்ளைக வெளையாட்டு" என்றேன். அவள் முறத்திலிருந்து தலை நிமிராமல், "உங்களுக்கு வெளையாட யாரும் அட்டை தரலன்னு இருக்கு" என்றாள். நாற்பத்து மூன்று வருடம் கூட இருந்தால் இப்படித்தான்.

அடுத்தது என் மகன். எந்த வேலைக்கும் என் முகத்தைப் பார்க்கிறவன், போனைப் பார்க்க ஆரம்பித்தான். 'அவ சொல்லுதா' என்பது பட்டறையில் புது வார்த்தையாக நுழைந்தது. மேலநீலிதநல்லூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு கேட் செய்தோம். நான் வழக்கமாக வைக்கிற உயரத்தில் தாழ்ப்பாள் வைத்திருந்தேன். மாட்டிவிட்டு வந்த பிறகுதான் தெரிந்தது, மகன் அதை முக்கால் அடி கீழே இறக்கியிருக்கிறான். சின்னப் பிள்ளைகள் எக்கித் திறப்பார்கள், விரல் நசுங்கும் என்று அவள் சொன்னாளாம். நேரில் போய்ப் பார்த்தேன். ஒரு குழந்தை வந்து, பை தோளிலிருந்து நழுவாமல், தாழ்ப்பாளைத் தள்ளிவிட்டுப் போனது. அது தப்பாக இருந்திருந்தால் மகனைத் திட்டிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன். சரியாக இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கடைசிப் பருவத்துக்கு அவள் எடுத்துக்கொண்டது பூக்காரிகளுக்கு ஒரு தள்ளுவண்டி. தள்ளிக்கொண்டு போகலாம், நிறுத்தினால் அதிலேயே ஏறி உட்கார்ந்து பூக்கட்டி விற்கலாம். அதற்காக ஊருக்கு வந்து ஒரு மாதம் கோவில் வாசலில் பூக்காரிகளோடு உட்கார்ந்துவிட்டாள். வெயில் ஏறும்வரை அங்கேதான். எவளுக்கு முட்டி எவ்வளவு மடங்கும், குனிந்தால் எங்கே வலிக்கும் என்று கேட்டுக் கேட்டு எழுதினாள். அங்கே ஒரு பூக்காரி எனக்கு முப்பது வருடப் பழக்கம். அவளுக்கு ஒரு இரும்பு ஸ்டாண்டு செய்து கொடுத்தவனே நான்தான். அந்த வழியாகப் போன என்னை நிறுத்தினாள்.

"அண்ணாச்சி, உங்க மருமக எம் முழங்கைய டேப்பு வச்சு அளந்துட்டுப் போறா. இத்தன வருசம் ஊருக்கெல்லாம் நான் முழம் போட்டேன். எனக்கு முழம் போட்டது அவதான்" என்று சொல்லிச் சிரித்தாள்.

நானும் சிரித்து வைத்தேன். ஆனால் வீடு வரும் வரை அது உறுத்திக்கொண்டே வந்தது. ஸ்டாண்டு செய்தபோது அந்தப் பெண்ணின் கையை நான் பார்க்கவே இல்லை. ஸ்டாண்டைத்தான் பார்த்தேன்.

வண்டியை நிஜ அளவில் செய்து கல்லூரிக்குக் கொண்டுபோக வேண்டும். தேர்வாளர்கள் வந்து பார்ப்பார்கள், அதை வைத்துத்தான் பட்டம். பத்து நாள் இருந்தது. நம் பட்டறையிலேயே செய்யலாமா மாமா என்று கேட்டாள். மகன் அப்போது திருவேங்கடத்தில் ஒரு ஷெட்டுக்குக் கூரை போடுகிற வேலையில் இருந்தான். நானே செய்கிறேன் என்றேன். பத்து வருடமாக ஆட்களை வேலை வாங்குகிறேனே தவிர, என் கையால் முழு வேலை செய்து நாளாகிவிட்டது. இந்த வண்டியில் என் கை தெரிய வேண்டும் என்று இருந்தது. அவளுடைய வாத்தியார்கள் பார்த்து, இதைச் செய்தது யார் என்று கேட்க வேண்டும்.

அவள் பெரிய காகிதத்தை விரித்தாள். மடிக்கணினியையும் திறந்தாள். அதில் வண்டி முழுசாக நின்றது. ஒரு விரலால் தள்ளினாள், வண்டி சுழன்றது. முன்னால், பின்னால், அடியில், எல்லாம் தெரிந்தது. நாற்பது வருடமாக என் தலைக்குள் மட்டும் சுழன்றுகொண்டிருந்த காரியம் இது. யாருக்கும் நான் அதைக் காட்ட முடிந்ததில்லை. இவள் ஒற்றை விரலால் அதை எல்லாருக்கும் காட்டுகிறாள்.

"அத மூடும்மா. சுத்துற படமெல்லாம் எனக்கு வேண்டாம். காகிதத்தக் குடுத்துட்டுப் போ" என்றேன்.

"படத்த ஒரு தடவ சொல்லிருதேன் மாமா. எது எந்தப் பக்கம்னு..."

"ஏம்மா, ஒனக்குப் பல்லு மொளைக்கதுக்கு முந்தியே இரும்பு வெட்டுனவன் நான். எனக்குப் படம் வாசிக்கச் சொல்லித் தாரியா?"

அவள் மடிக்கணினியை மூடினாள். அன்று மாலை பஸ்ஸில் கோயம்புத்தூர் போனாள், கல்லூரியில் எழுதிக் கொடுக்க வேண்டியது இருந்தது.

அந்த வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மேலே கூரை, நடுவில் பூக்காரி உட்கார ஒரு பலகை, அவளுக்கு இரண்டு பக்கமும் தகரச் சுவர். நேராகப் பார்த்தால் இரண்டு சுவரும் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் ஒன்று முழுக்க அடைப்பு. ஈரச் சாக்கைத் தொங்கவிட்டுப் பூவை வைத்துக்கொள்ள. மற்றதில் ஜன்னல் மாதிரி ஒரு பெரிய திறப்பு. காகிதத்தில் நடுவில், பூக்காரியின் முதுகுப் பக்கமிருந்து வண்டியை நேராகப் பார்த்த படம், அதற்கு வலப்பக்கம் அடைப்புச் சுவரின் படம், இடப்பக்கம் ஜன்னல் சுவரின் படம். பக்கத்தில் ஆங்கிலத்தில் என்னவோ எழுதியிருந்தது. எனக்கு எண்கள் போதும். வலப்பக்கம் இருப்பது வலது சுவர், இடப்பக்கம் இருப்பது இடது சுவர். இதற்கு ஒரு படிப்பா என்று நினைத்தேன்.

ஐந்து நாளில் முடித்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை, அப்படி ஒரு வேலை இந்த வட்டாரத்தில் வேறு யாராலும் ஆகாது. சக்கரம் எண்ணெய் மேல் ஓடுகிற மாதிரி ஓடியது. மூட்டுகளை அரைத்து வழவழப்பாக்கி, சிவப்பு பிரைமர் அடித்து நிறுத்தினேன். பட்டறை ஆட்களிடம், "மருமக வந்து பாக்கட்டும்லே" என்றேன்.

காலைப் பஸ்ஸில் வந்தவள் நேராகப் பட்டறைக்கு வந்தாள். உட்கார்ந்து பார்க்க அந்தப் பூக்காரியையும் கூட்டி வந்திருந்தாள். மகனும் திருவேங்கடத்து வேலை முடிந்து வந்திருந்தான். மருமகள் வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள். இரண்டாம் தடவை மெதுவாக நடந்தாள். பூக்காரி அதற்குள் ஏறி உட்கார்ந்து, பழக்கத்தில் பூவை இடது பக்கம் வைத்தாள். கட்டினாள். பிறகு சரத்தை எடுத்து முழம் போடக் கையை நீட்டினாள்.

டங் என்றது. அவளுடைய வலது முழங்கை தகரத்தில் இடித்தது. கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து மறுபடி போட்டாள். மறுபடி டங். இடது பக்கம் ஜன்னல் வழியாகக் காற்று வந்து பூவைத் தள்ளியது.

அவள் முழங்கையைத் தேய்த்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். "அண்ணாச்சி, கண்ணாடியப் பாத்துச் செஞ்சீயளோ?"

பட்டறை ஆட்கள் சிரித்துவிட்டார்கள். மருமகள் விரல் மடித்து நாளை எண்ணினாள். நாலாம் நாள் வண்டி கோயம்புத்தூரில் நிற்க வேண்டும்.

"படம் தப்பு" என்றேன் நான்.

மகன் காகிதத்தை எடுத்துப் பார்த்தான். அவன் பாலிடெக்னிக் படித்தவன். "இல்லப்பா, படம்..." என்று ஆரம்பித்தான். மருமகள் அவனை ஒரு பார்வை பார்த்தாள், நிறுத்திக்கொண்டான்.

"ஆமா மாமா. நான் இன்னும் தெளிவாப் போட்டிருக்கணும்" என்றாள்.

அவ்வளவு லேசாகச் சொன்னாள். என்னை எதிர்த்து நாலு வார்த்தை பேசியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். நிறைய வைத்திருக்கிறவர்கள்தான் இப்படித் தூக்கிக் கொடுப்பார்கள். தன்னுடைய சரியை எனக்குத் தானம் செய்துவிட்டு நிற்கிறாள். அவள் படித்ததை எல்லாம் விட அந்தக் குணத்தின் மேல்தான் எனக்கு அப்போது எரிந்தது. இத்தனை வருடத்தில் ஒரு தடவை கூட என்னால் அப்படி யாருக்கும் விட்டுக்கொடுக்க முடிந்ததில்லை.

மதியம் வீட்டில் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மனைவி ரசத்தை ஊற்றிக்கொண்டே, "அந்தப் பிள்ள இன்னும் சாப்பிட வரல. படம் தப்புன்னா எம் மகன் எதுக்கு மூஞ்சத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கான்?" என்றாள். பாதியில் கை கழுவினேன்.

பட்டறையில் அவள் தரையில் உட்கார்ந்து காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்தேன். காகிதத்தின் மூலையில் சின்னதாக ஒரு படம் இருந்தது, டம்ளரைப் படுக்கப் போட்ட மாதிரி ஒன்று, பக்கத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டம்.

"இது என்னம்மா? ஒங்க காலேஜ் முத்திரைன்னுல்லா நெனச்சேன்."

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எழுந்து போயிருப்பேன். அந்தச் சின்னப் படம்தான், மற்றப் படங்களை எப்படி வாசிக்க வேண்டும் என்று சொல்கிறது என்றாள். பக்கத்தில் கிடந்த வெல்டிங் ராடு பெட்டியை எடுத்தாள். அதன் இடது முகத்தில் சாக்பீசால் 'இ' என்று எழுதினாள், வலது முகத்தில் 'வ'. தரையில் வைத்தாள்.

"இத வலது பக்கமா உருட்டுங்க மாமா."

உருட்டினேன். மேலே 'இ' வந்தது.

"உருட்டி எந்த எடத்துல விழுதோ அங்கனதான் படம் போடுவோம். காகிதத்துல வலது பக்கம் இருக்கது பொருளோட இடது மொகம்."

வேறொன்றும் அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இடது பக்கமும் நானே உருட்டினேன். 'வ' வந்தது. காகிதத்தைப் பார்த்தேன். எழுத்துத் தெரியாதவனுக்குத் திடீரென்று பஸ் போர்டு வாசிக்க வந்த மாதிரி, அந்தக் கோடுகளெல்லாம் எழுந்து வண்டியாக நின்றன. ஒரு ராடு பெட்டி, ஒரு சாக்பீசு, அரை நிமிடம். இவ்வளவுதான் இத்தனை வருடமும் எனக்கும் காகிதத்துக்கும் நடுவில் இருந்திருக்கிறது. கட்டடக்காரர்கள் படம் நீட்டும்போதெல்லாம், "அளவ வாயால சொல்லுங்க" என்று பெரிய மனுசன் மாதிரிச் சொல்லிச் சமாளித்திருக்கிறேன். அந்த அரை நிமிடம் அவளுக்குப் பதினெட்டு வயதில் கிடைத்திருக்கிறது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அழுகை என்று நினைக்க வேண்டாம், பொறாமைதான்.

"வெட்டுவோம்" என்று மட்டும் சொன்னேன்.

எட்டு மூட்டுகளையும் அறுத்து, சுவரை மாற்றிப் போட்டு, மறுபடி பற்றவைத்தோம். நான் பற்றவைக்க மகன் பிடித்துக்கொண்டான், அவள் அரைத்தாள். இரண்டு நாள். பூக்காரி மறுபடி வந்து உட்கார்ந்து முழம் போட்டாள். கை ஜன்னல் வழியாக வெளியே போய் வந்தது. "இப்பச் சரி" என்றாள், அவ்வளவுதான்.

வேனில் வண்டியை ஏற்றிக்கொண்டு நானும் கோயம்புத்தூர் போனேன். பெரிய கூடம். பிள்ளைகள் அவரவர் செய்ததைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார்கள். சுவரில் அவரவர் படம். எங்கள் வண்டி முன்னால் மூன்று தேர்வாளர்கள் வந்தார்கள். அவள் கால் மணி நேரம் பேசினாள். தமிழும் ஆங்கிலமுமாக, நிறுத்தாமல். நான் தூண் பக்கம் நின்றேன்.

ஒரு தேர்வாளர், நரைத்த தாடிக்காரர், பேச்சைக் கேட்டுக்கொண்டே சுவரும் சட்டமும் சேர்கிற மூட்டில் விரலை ஓட்டினார். விரல் நின்றது. நான் அரைத்த இடத்தில் கண் கண்டுபிடிக்காது. ஆனால் விரல் கண்டுபிடித்துவிட்டது. அந்த ஆள் எங்கேயோ இரும்பு தொட்டவன்.

"இங்கே ரெண்டு தடவை வெல்டு ஆகியிருக்கே. எல்லா மூட்டுலயும் இருக்கு. உங்க டிராயிங் தப்பா?"

அவள் வாயைத் திறந்தாள். என்ன சொல்லப் போகிறாள் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். பட்டறையில் சொன்ன மாதிரி, ஆமாம் என்று சொல்லிவிடுவாள். அதை இங்கே சொன்னால் அடி பட்டத்தில் அல்லவா விழும்?

"படம் சரிங்க" என்றேன். கூடத்தில் என் குரல் அவ்வளவு சத்தமாக விழும் என்று எதிர்பார்க்கவில்லை. "செஞ்சவன் நான். எனக்குப் படம் வாசிக்கத் தெரியாது. தெரியும்னு சொல்லிட்டுச் செஞ்சேன். இடதும் வலதும் மாறிப் போச்சு. அவ சொல்லித் தாரேன்னுதான் சொன்னா, நான்தான் வெரட்டிவிட்டேன்."

பக்கத்து மேசைப் பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். தாடிக்காரர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு அவளிடம், "அப்போ இவர் வாசிக்கிற மாதிரி நீங்க ஒரு படம் போட்டிருக்கலாமே?" என்றார்.

அவர் குறிப்பேட்டில் என்னவோ எழுதிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார்.

திரும்புகிற வழியில், விருதுநகர் தாண்டிய பிறகுதான் அவள் பேசினாள்.

"மாமா, நான் வேற பதில் வச்சிருந்தேன்."

"என்ன பதிலு?"

"மொதல்ல ஜன்னல எடது பக்கம் வச்சு அந்த அம்மாவ உக்கார வச்சோம், முழங்கை இடிச்சுது, காத்துல பூவும் பறந்துச்சு, அதனால மாத்துனோம்னு. அது பொய்யும் இல்லல்லா? நடந்ததுதான."

நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். என் தப்பை எடுத்து, அதையே ஒரு பரிசோதனையாக்கி, அதற்கும் ஒரு வடிவம் கொடுத்து வைத்திருக்கிறாள். எனக்கு உண்மையைச் சொல்வது ஒரு வழியில்தான் வருகிறது, இடித்துக்கொண்டு வருகிறது. இதிலும் அவள் ஒரு படி மேலே.

"சொல்லிட்டேனேம்மா" என்றேன்.

"நல்லாத்தான் இருந்துச்சு, நீங்க சொன்னது" என்றாள். பிறகு தூங்கிவிட்டாள்.

பட்டம் வந்தது. வகுப்பில் இரண்டாம் இடம். அந்த ஒரு இடம் என் வாயால் போனதா என்று நான் அவளிடம் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மனைவி தெரு முழுக்க ஜிலேபி கொடுத்தாள்.

முதல் இடம் வாங்கியவன் ஒரு நாற்காலி செய்திருந்தான். அன்று கூடத்தில் எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் நான் அதில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இடது முன்கால் ஒரு நூல் குட்டை. எங்கள் கணக்கில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குதான் நூல். ஆனால் ஆடியது. அந்தத் தேர்வாளர்கள் யாரும் அதில் உட்கார்ந்து பார்த்த மாதிரி எனக்குத் தெரியவில்லை. எங்கள் வண்டி ஆடவில்லை. இதை மருமகளிடம் இதுவரை நாலு தடவை சொல்லிவிட்டேன். "போதும் மாமா, அவன் நல்ல பையன்" என்கிறாள். நல்ல பையனாக இருக்கட்டும். நாற்காலி ஆடியது.